செருப்பு ஏறாத வண்டி

அக்கா போனில் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் எடுத்தவுடன் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"உன் மாமா திருக்கழுக்குன்றத்துல எளநி வண்டிய இடிச்சிட்டாரு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல. கேட்டா, வண்டி தானா ஓடுதுன்றாரு. நீ அந்த லேப்டாப்ப எடுத்துகினு ஞாயித்துக்கியம வா. தப்பு வண்டி மேலயா, இவரு மேலயான்னு பாத்துச் சொல்லு. வண்டி மேலன்னா ரிப்பேர் பண்ணிக்கலாம். இவரு மேலன்னா சாவிய நான் வாங்கி வச்சிக்கிறேன்."

நான் சரி என்பதற்குள் வைத்துவிட்டாள்.

மாமா என்றால் அக்காவின் கணவர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் வீடு. காலையில் கரைக்கு வருகிற மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போவதுதான் இருபது வருடமாக அவர் வேலை. மீன் விற்கிற பெண்கள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அவரவர் பெட்டி அவரவர் இடத்தில் இறங்கியிருக்கும். மாமாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. இளவயதில் படகில் ஏறிய முதல் நாளே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். இரண்டாம் நாளும் அதே கதை, மூன்றாம் நாள் அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆண்கள் எல்லாம் கடலுக்குப் போகிற ஊரில் கரையில் நிற்கிற ஆம்பளைக்கு என்ன மரியாதை? அந்த மரியாதையை அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் சம்பாதித்தார். சாவியைப் பிடுங்கினால் மாமாவுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் கதை வேறு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளுக்குப் போகிற சென்சார்களைச் சோதிக்கிறவன் நான். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் டப்பா உண்மை சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று நாள் முழுக்க விசாரிப்பதுதான் பிழைப்பு. அது போதாதென்று வீட்டில் ஒரு பழைய லேப்டாப், ஒரு கேபிள், ஒரு டியூனிங் சாஃப்ட்வேர். நண்பர்களின் வண்டிகளில் கேபிளைச் செருகி, இன்ஜின் என்ன நினைக்கிறது என்று படித்துச் சொல்வேன். கொஞ்சம் இழுவை கூட்டிக் கொடு என்றால் அதையும் செய்வேன். போன கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டியாக இருந்தாலும் பத்து நிமிடத்தில் நோயைச் சொல்லிவிடுவேன் என்று அளந்திருந்தேன். எதிர் இலையில் மாமா உட்கார்ந்திருந்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமாவின் பிக்கப் வேன் மணலில் நின்றிருந்தது. பதிமூன்று வருடத்து வண்டி. உப்புக் காற்று கதவின் கீழ்ப்பகுதியை அரித்துத் தின்றிருந்தது. பின்கதவு மீன்வலைக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஆனால் கேபின் மட்டும் பூஜை அறை. டாஷ்போர்டில் சாமி படம், அதற்கு அன்றன்றைக்கு மல்லிச்சரம், ஒரு சின்ன மணி. நான் கதவைத் திறந்து காலை வைத்ததும் பின்னாலிருந்து அதட்டல் வந்தது.

"செருப்பு!"

மாமாவின் புதுச் சட்டம் அது. ஒரு வருடமாக இந்த வண்டியில் யாரும் செருப்போடு ஏறக்கூடாது. ஐஸ் ஏற்றுகிறவர், போலீஸ்காரர், சொந்த மச்சான் என்று யாருக்கும் விலக்கு இல்லை. நாற்பது வயது வரை கோயில் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்ற மனிதருக்குத் திடீரென்று இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் பெரியவர்களுக்கு வயது ஏற ஏற இப்படி ஏதாவது பிடித்துக்கொள்வது சகஜம் என்று விட்டுவிட்டேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் காலை வைத்தேன். அப்பா, என்ன சூடு! லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கொதிக்கிற மணலில் நான் குதித்த குதியைப் பார்த்து, வலை பிரித்துக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள். மாமா அதே மணலில் வெறுங்காலோடு அசையாமல் நின்றார்.

"செங்கல்பட்டு போனதும் உன் காலு பஞ்சாயிடுச்சி மச்சான்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் இதே மணலில் ஓடி வளர்ந்தவன்தானே.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் கேபிளைச் செருகி லேப்டாப்பைத் திறந்தேன். இந்த வண்டியில் ஆக்சிலேட்டர் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே பழைய காலத்து இழுக்கிற கம்பி கிடையாது. பெடலின் மூட்டில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அது வோல்ட் கணக்கில் இன்ஜினுக்குச் சொல்லும். ஒரு ஆள் சொன்னால் நம்ப முடியாது என்று உள்ளே இரண்டு ஆள் வைத்திருப்பார்கள். முதல் ஆள் முக்கால் வோல்ட் என்றால் இரண்டாவது ஆள் அதில் சரிபாதி சொல்ல வேண்டும். இருவர் பேச்சும் ஒத்துப்போகாவிட்டால் இன்ஜின் யாரையும் நம்பாமல் படுத்துக்கொள்ளும். மாமா சொன்ன மாதிரி வண்டி தானாக ஓடுகிறது என்றால் இந்த இரண்டு ஆளில் யாரோ உளறுகிறான் என்று அர்த்தம்.

பெடலை மெல்ல மிதித்தேன். திரையில் இரண்டு கோடுகளும் வழுக்கிக்கொண்டு ஏறின. விட்டேன், இறங்கின. டக்கென்று மிதித்தேன், டக்கென்று ஏறின. ஒரு பிசிறு இல்லை. எனக்கு எரிச்சலாகிவிட்டது. நல்ல சென்சாரைக் கண்டுபிடிக்கவா இருபத்தைந்து கிலோமீட்டர் வந்தேன்? ஒயரை ஆட்டினேன், பெடலைத் தட்டினேன், கடைசியில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே உப்புக் காற்று பட்டுப் பச்சையாகப் பூத்திருந்தது.

"மாட்னாண்டா!" என்று கத்திவிட்டேன்.

மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்துவிட்டது. "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று தெருவுக்கே அறிவித்தார். பக்கத்து வீட்டில், எதிர்வீட்டில், வலைக்காரர்களிடம், எல்லோரிடமும் போய் அந்தக் கனெக்டரைப் பற்றிச் சொன்னார். நான் ஸ்ப்ரே அடித்துத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினேன். நானே ஓட்டிக்கொண்டு முட்டுக்காடு வரை போய்த் திரும்பினேன். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. மத்தியானம் அக்கா வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். நான் செங்கல்பட்டுக்குத் திரும்பும்போது பெரிய டாக்டர் மாதிரி திரும்பினேன்.

புதன்கிழமை மாமா ஐஸ் ஃபேக்டரி சுவரில் முட்டினார்.

"உன் லேப்டாப்பு இன்னா புடுங்குச்சி?" என்றாள் அக்கா. வார்த்தை அப்படியே. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் அவள் மேல் இல்லை, அந்தச் சென்சார் மேல். கண் எதிரே என்னை ஏமாற்றிவிட்டதே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. செங்கல்பட்டில் உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்கி, பெடலையே சென்சாரோடு சேர்த்துப் புதிதாக வாங்கினேன். வீட்டில் மேஜை மேல் வைத்து மீட்டரில் சோதித்தேன். இரண்டு ஆளும் ஒரே பேச்சு, உத்தமர்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடி குப்பம். மறுபடி செருப்பைக் கழற்றல், மறுபடி குதி. பழைய பெடலைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். லேப்டாப்பில் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தேன். இம்மிகூட வித்தியாசம் இல்லை. பழையதும் தங்கம், புதியதும் தங்கம். அப்படியென்றால் பழையதை நான் தேவையில்லாமல் கழற்றியிருக்கிறேன். அக்கா தூரத்தில் மீன் அலசிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் டாக்டர் இல்லை.

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. போன வாரத்துக் கோடு என் கால் மிதித்தது. இந்த வாரத்துக் கோடும் என் கால் மிதித்தது. முட்டுக்காடு வரை ஓட்டியவனும் நான்தான். வண்டி இடிப்பது மாமா ஓட்டும்போது, நான் சோதிப்பது நான் ஓட்டும்போது. எருமை, எருமை என்று என்னையே திட்டிக்கொண்டேன். எங்கள் தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வதே, பொருளை எப்படி உபயோகிக்கிறார்களோ அப்படி வைத்துச் சோதி என்பதுதான்.

"மாமா, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கிறேன்" என்றேன்.

அவர் உடனே ஏறவில்லை. நான் ஓட்டுவதில் பார்க்க என்ன இருக்கிறது என்றார். மல்லிச்சரத்தைச் சரிசெய்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். அக்கா வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் ஏறினார்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் போனோம். லேப்டாப் என் மடியில். கோடு ஏறுகிறது, மாமா வேகம் எடுக்கிறார், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பேச்சும் குறைவில்லை. மார்க்கெட்டில் யார் யாரோடு சண்டை, எந்த மீன் வரத்துக் குறைவு என்று சொல்லிக்கொண்டே வந்தார். முதல் வேகத்தடை வந்தது. கோடு இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. முப்பது சதவீதத்தில் தட்டையாக நின்றது. வண்டி உறுமிக்கொண்டே வேகத்தடை மேல் ஏறிக் குதித்தது.

"பாத்தியா? பாத்தியா? தானா இழுக்குது" என்றார்.

இரண்டு ஆளையும் பார்த்தேன். ஒருவன் சொன்னதில் மற்றவன் சரிபாதி. பொய்யே இல்லை. அடுத்த வேகத்தடைக்கு முன்பு, "இப்ப காலை எடுங்க மாமா" என்றேன்.

"எடுத்துட்டன்."

திரையில் முப்பது நின்றது. நான் குனிந்து கீழே பார்த்தேன். மாமாவின் வெறுங்கால் பெடல் மேல் அப்படியே கிடந்தது. அவர் பொய் சொல்லவில்லை. எடுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலின் ஓரத்தில் ஒரு சிப்பித் துண்டு குத்தி நின்றது, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. எத்தனை நாளாகக் குத்தியிருக்கிறதோ. அப்புறம்தான் கவனித்தேன். பிரேக் பிடிக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் மாமா ஒரு நொடி ரோட்டிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே குனிந்து தன் காலைத் தேடினார்.

ரோட்டோரம் புளியமரம் ஒன்று வந்தது. ஓரம் கட்டச் சொன்னேன். கட்டினார். கல்பாக்கம் போகிற பஸ் ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. அதில் பிள்ளைகள் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, மாமா என்றும் பார்க்கவில்லை. சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகிறது, மாத்திரையை நினைத்தால் போடுவது, இல்லாவிட்டால் விடுவது, காலில் உணர்ச்சி போனது தெரிந்தும் ஸ்டியரிங்கைப் பிடித்தால் யார் தலையில் ஏற்றப் போகிறீர்கள் என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதும் விட்டேன். அது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

மாமா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். காலையில் நான் மிதித்த கோடும் இப்போது அவர் மிதித்த கோடும் ஒரே திரையில் இருந்தன. நெடுநேரம் பார்த்தார்.

"போன வருசம்," என்றார், "மாமல்லபுரம் தாண்டி வந்துகினு இருந்தன். செருப்பு கால்ல இருந்து கயண்டு போயி பிரேக்குக்கு அடியில மாட்டிகிச்சி. கயண்டதே எனக்குத் தெரியல. கால்ல செருப்பு கீதுன்னே நெனச்சிகினு இருந்தன். அன்னிக்குத் தப்பிச்சது பெரிய பாடு. அதுலருந்துதான் செருப்பு வேணாம்னு வுட்டன்."

"சாமிக்காகன்னு சொன்னீங்களே?"

"வேற இன்னா சொல்றது?"

கொதிக்கிற மணலில் அசையாமல் நின்ற அந்தக் கால்கள் ஞாபகம் வந்தன. நான் அதைக் கடற்கரைக்காரனின் வீரம் என்று நினைத்து வெட்கப்பட்டிருந்தேன். நாள் முழுக்க உணர்ச்சியைச் சோதிக்கிறவன்! இரண்டு வாரமாக என் கண் முன்னால் நின்றதை நான் பார்க்கவே இல்லை.

மாமா மெதுவாக ஆரம்பித்தார். கல்யாணப் பந்தியில் நான் அளந்ததில் ஒரு வார்த்தையைக்கூட அவர் மறக்கவில்லை. பெடலை எவ்வளவு மிதித்தால் வண்டி எவ்வளவு ஓட வேண்டும் என்பதை இந்த சாஃப்ட்வேரில் மாற்றலாமாமே, கொஞ்சம் மந்தமாக்கிக் கொடு, பாரமான காலுக்குத் தகுந்த மாதிரி வண்டியை ஆக்கிக் கொடு என்றார். மாற்றலாம்தான். அதற்கான கட்டத்தைத் திறந்துகூட வைத்தேன். நாலு எண்ணைக் குறைத்து எழுதினால் வண்டி பூனை மாதிரி போகும். ஆனால் எடுக்க மறந்த காலை எந்த எண் எடுக்கும்? பிரேக்கைக் கண்ணால் தேடுகிற அந்த ஒரு நொடியை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவேன்? மூடி வைத்துவிட்டேன்.

"அப்ப அக்காவாண்ட சென்சாருன்னு சொல்லிடு மச்சான்" என்றார். "ரெண்டு மாசம் போதும். மாத்திர ஒழுங்காப் போட்டுகினு சரி பண்ணிக்கிறன். சாவி போச்சின்னா குப்பத்துல நான் யாரு?"

நான் கேபிளைப் பிடுங்கினேன். இறங்கிச் சுற்றி வந்து அவர் கதவைத் திறந்தேன். அவர் இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். குப்பம் வருகிற வரை டாஷ்போர்டில் இருந்த மணி மட்டும் ஒவ்வொரு குழிக்கும் அடித்தது.

அக்கா வாசலில் நின்றாள். கையெல்லாம் மீன் செதில். "இன்னா சொல்லுது?" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தெரியும். மாமா கேட்டதும் காதில் இருக்கிறது. வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா இறங்கி வந்து, என் கையிலிருந்த சாவியை எடுத்து, அக்காவின் ஈரக் கையில் வைத்தார்.

"வண்டி நல்லாத்தான் கீது" என்றார்.

அக்கா ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவரை வாசற்படியில் உட்கார வைத்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, அந்தச் சிப்பியைப் பிடுங்கினாள். மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கினது அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அக்கா அழுதாள்.

மறுநாளே செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. விரல் தப்பியது பெரிய விஷயம் என்றார்கள். காலில் உணர்ச்சி திரும்பவில்லை, அது திரும்புகிற ஜாதி இல்லையாம். பின்னால் வார் வைத்த மெத்தென்ற செருப்பு ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்குள்ளேகூட அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். மற்ற நாளில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வண்டி ஓட்டுகிறார், ஞாயிறு என் முறை. மாமா இடது பக்கத்து சீட்டை விடுவதாக இல்லை. ஐஸ் பெட்டி எண்ணுவது, எந்தப் பெட்டி யாருடையது என்று சொல்வது, ஓட்டுகிறவனின் கியரைக் குறை சொல்வது எல்லாம் அவர்தான். மார்க்கெட் பெண்கள் இன்னும் அவர் பேரைச் சொல்லித்தான் வண்டியைக் கூப்பிடுகிறார்கள். ஓட்டுகிற எங்கள் இருவர் பேரும் அங்கே யாருக்கும் தெரியாது.

போன ஞாயிறு கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வெயில் ஏறியிருந்தது. மாமா முன்னாடியே ஏறி உட்கார்ந்து செருப்பின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். நான் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் காலை வைத்து, வழக்கம்போல ஒரு குதி குதித்தேன். வலைக்காரர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"சுடுதா மச்சான்?"

"ரொம்ப சுடுது மாமா."

"சுட்டா சரி" என்றார். "ஏறு. வண்டிய எடு."